ஏழாம் வாய்ப்பாடு

மேலாளர்: பார்த்து மேடம்... அங்க ஒரு ஸ்டூல் இருக்கு.

ஆய்வாளர்: பார்த்துட்டேன்.

மேலாளர்: இடிச்சதுக்கு அப்புறமா?

ஆய்வாளர்: புதுச் செருப்பு. காலுக்கு இன்னும் பழகல. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்க, வெளிச்சம் பத்தல.

மேலாளர்: இங்க வேலை செய்யறவங்களுக்கு வெளிச்சம் வேண்டியதில்ல பாருங்க, அதனால யாரும் ஜன்னல் பக்கமே போறதில்ல. இல்லையா அக்கா?

அக்கா: எனக்கு வேண்டாம். பல்லிக்கும் வேண்டாம். சாருக்கு மட்டும் இருட்டுல என்ன வசதியோ தெரியல.

மேலாளர்: இப்படித்தான் மேடம், வாய் சும்மா இருக்காது. இவங்கதான் எங்க மெய்ப்பு பார்க்கறவங்க. எல்லாருக்கும் புள்ளி அக்கா. அச்சாகி வர்ற ஒவ்வொரு பக்கத்தையும் விரலால தடவிப் பிழை பார்ப்பாங்க. பிறவியில இருந்தே பார்வை கிடையாது. ஆனா பத்தொம்பது வருஷத்துல ஒரு புள்ளி தப்பவிட்டது இல்ல. அக்கா, இவங்க அறநிறுவனக் கண்காணிப்பு ஆபீஸ்ல இருந்து வந்திருக்கற ஆய்வாளர்.

அக்கா: வணக்கம் மேடம். படியேறும்போதே புது ஆள்னு தெரிஞ்சுது.

ஆய்வாளர்: எப்படி?

அக்கா: உங்களுக்கு முன்னாடி ஆய்வுக்கு வந்த பழைய சார் ரெண்டு ரெண்டு படியாத் தாவி வருவார். நீங்க ஒவ்வொரு படியையும் காலால தடவிட்டு ஏறினீங்க.

ஆய்வாளர்: ...புதுச் செருப்புன்னு சொன்னேனே.

அக்கா: ஆமா ஆமா. சொன்னீங்க.

மேலாளர்: இந்தப் பக்கம் வாங்க மேடம். இதுதான் எங்க அலமாரி. மேல் தட்டு வரலாறு, அடுத்தது அறிவியல், கீழ மொழிப்பாடம். ஆறுல இருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும், எல்லாம் பிரெய்ல். போன நாலு வருஷத்துல மட்டும் முந்நூத்திப் பன்னெண்டு புத்தகம்.

ஆய்வாளர்: உங்க பதிவுப் பத்திரத்துல ஒரே ஒரு நோக்கம்தான் இருக்கு. "பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களைப் பிரெய்லில் அச்சிட்டு வழங்குதல்." வேற எதுவும் கிடையாது.

மேலாளர்: ஒரே நோக்கம் மேடம். பராக்குப் பார்க்கற பழக்கமே எங்களுக்கு இல்ல. இந்த மாசக் கடைசியோட பதிவு முடியுது. நீங்க நல்லபடியா எழுதிட்டா இன்னும் அஞ்சு வருஷம் நிம்மதியா வேலை பார்ப்போம். இந்தாங்க, ஒண்ணை எடுத்துத் தடவிப் பாருங்க.

ஆய்வாளர்: இருக்கட்டும்.

மேலாளர்: அட, சும்மா தடவுங்க மேடம். வர்ற எல்லாரும் தடவுவாங்க. காகிதத்துல புள்ளி புடைச்சு நிக்கும், கைக்கு அரிசி பரப்பின மாதிரி இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி இடையில ஒரு சோதனைக்கு வந்தப்போ பழைய சார் தடவிப் பார்த்துக் கண் கலங்கிட்டார்.

ஆய்வாளர்: என்ன படிச்சார்?

மேலாளர்: படிக்கல... தடவினார்.

அக்கா: தடவறதுக்கே அழுதுட்டார் மேடம். படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்.

மேலாளர்: அக்கா.

அக்கா: நல்ல மனசுன்னு சொல்ல வந்தேன் சார்.

ஆய்வாளர்: நான் அப்புறம் பார்க்கறேன். இதெல்லாம் பள்ளிக்கூடங்களுக்குப் போகாம ஏன் அலமாரியில இருக்கு?

மேலாளர்: இது... இருப்பு மேடம். கேக்கக் கேக்க அனுப்புவோம். பிள்ளைங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னு உங்க ஆபீஸுக்கே தெரியுமே. மூணு மாசம் முன்னாடி உங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் வந்துச்சு இல்ல? பிரெய்ல்ல எழுதி, பேர் போடாம?

ஆய்வாளர்: வந்துச்சு.

மேலாளர்: அதைப் படிச்சுச் சொல்ல ஆளில்லன்னு உங்க ஆபீஸ் எங்களுக்குத்தான் அனுப்பிச்சு. இந்தப் பக்கத்துல பிரெய்ல் தெரிஞ்ச ஒரே அமைப்பு நாங்கதானே. இதே மேஜையில அக்கா வாய்விட்டுப் படிச்சாங்க, நான் பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டேன், முத்திரை குத்தி அனுப்பிட்டேன். "எங்களுக்குக் காலத்தில் நூல்கள் தந்து உதவும் அமைப்புக்கு எங்கள் நன்றி."

ஆய்வாளர்: அந்தக் காகிதமும் உங்க முத்திரை வெச்ச பிரதியும் என் பையிலதான் இருக்கு.

மேலாளர்: கோப்புல முதல் பக்கமா வைங்க மேடம். இப்படி உக்காருங்க... இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... ஆங். டீ சொல்லட்டுமா?

ஆய்வாளர்: டீ அப்புறம். எனக்கு நாலு வருஷ ஆண்டறிக்கை வேணும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நகல். நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பேடும் வேணும். எல்லாத்துலயும் தலைவர் கையெழுத்து இருக்கணும்.

மேலாளர்: எல்லாம் ஆபீஸுக்கு அனுப்பினதுதானே...

ஆய்வாளர்: ஆபீஸ்ல இருக்கறது ஆபீஸுக்கு. இது எனக்கு.

மேலாளர்: நகலெடுக்கற மெஷின் மாடியில இருக்கு. அது ஒரு பக்கம் துப்பறதுக்குள்ள...

ஆய்வாளர்: நான் இருக்கேன். அவசரம் இல்ல.

மேலாளர்: சரி மேடம். அக்கா, மேடத்தோட பேசிட்டு இருங்க. நல்லபடியாப் பேசுங்க.

அக்கா: என்னைக்கு சார் கெட்டபடியாப் பேசியிருக்கேன்.

மேலாளர்: அதான் பயமா இருக்கு. இதோ வந்துடறேன்.

ஆய்வாளர்: ...போயிட்டாரா?

அக்கா: ஏழாவது படி... எட்டு... இப்பத் திரும்பறார். போயிட்டார். ஏன் மேடம், உங்களுக்குத் தெரியலையா? கதவு உங்களுக்குப் பக்கவாட்டுலதானே இருக்கு.

ஆய்வாளர்: நான் உங்களைப் பார்த்துட்டு இருந்தேன்.

அக்கா: என்னைப் பார்க்க என்ன இருக்கு. நரைச்ச தலை.

ஆய்வாளர்: விரல். பேசும்போதுகூட மேஜையைத் தடவிக்கிட்டே இருக்கீங்க.

அக்கா: அது சும்மா இருக்காது. வேலை இல்லாத விரல் தானா எதையாவது தேடும்.

ஆய்வாளர்: வேலை இல்லையா?

அக்கா: ...இன்னைக்கு இல்லன்னு சொன்னேன்.

ஆய்வாளர்: நான் வந்து அரை மணி ஆகுது. அச்சு மெஷின் சத்தம் கேக்கவே இல்ல.

அக்கா: அதுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல.

ஆய்வாளர்: எத்தனை நாளா?

அக்கா: மேடம், நான் மெய்ப்பு பார்க்கறவ. மெஷினுக்கு வைத்தியம் பார்க்கறவ இல்ல.

ஆய்வாளர்: நல்லாத்தான் தப்பிக்கறீங்க. சரி, இதைக் கொஞ்சம் கையில வாங்குங்க.

அக்கா: என்ன இது... ஓ.

ஆய்வாளர்: அந்தக் கடிதம்தான். எனக்கு ஒருதரம் படிச்சுக் காட்டுங்க.

அக்கா: அதான் அன்னைக்கே படிச்சாச்சே. முத்திரைகூட வெச்சாச்சு.

ஆய்வாளர்: எனக்காக.

அக்கா: "எங்களுக்கு... தக்க சமயத்தில் நூல்கள் கொடுத்து உதவும் அமைப்புக்கு நன்றி..."

ஆய்வாளர்: மேலாளர் "காலத்தில்"னு சொன்னார். நீங்க "தக்க சமயத்தில்"னு படிக்கிறீங்க.

அக்கா: ரெண்டும் ஒண்ணுதானே மேடம்.

ஆய்வாளர்: அர்த்தம் ஒண்ணு. புள்ளி ஒண்ணா?

அக்கா: ...விரல் வியர்த்திருக்கு. சரியாப் பிடிபடல.

ஆய்வாளர்: முத்திரை வெச்ச பிரதியில மொத்தம் நாலு வரி. இந்தக் காகிதத்துல மேல இருந்து கீழ வரைக்கும் இருபத்தாறு வரி புள்ளி இருக்கு. நன்றி சொல்ல இவ்வளவு இடமா?

அக்கா: பிரெய்ல் இடத்தை அடைக்கும் மேடம். நீங்க ஒரு பக்கத்துல எழுதறது எங்களுக்கு மூணு பக்கம் ஆகும்.

ஆய்வாளர்: நாலு வரி இருபத்தாறு ஆகுமா?

அக்கா: நன்றி கொஞ்சம் பெருசு.

ஆய்வாளர்: சிரிக்க வெக்கறீங்க. ஆனா உங்க விரல் முதல் வரியைத் தாண்டவே இல்ல.

அக்கா: வயசு.

ஆய்வாளர்: இருக்கட்டும்.

அக்கா: ஏன் மேடம், இவ்வளவு சந்தேகம்னா வேற யாரையாவது வெச்சுப் படிச்சிருக்கலாமே. வர்ற கடிதத்தை எந்த இடத்தைப் பத்தி வந்துச்சோ அந்த இடத்துக்கே அனுப்பி, என்ன எழுதியிருக்குன்னு கேப்பாங்களா? யாரு பார்த்த வேலை அது?

ஆய்வாளர்: அப்ப கோப்பு என்கிட்ட வரல. எங்க ஆபீஸ்ல பதிவேட்டைப் புரட்டிப் பிரெய்ல் தெரிஞ்ச அமைப்பு எதுன்னு தேடியிருக்காங்க. உங்க பேர் வந்துச்சு, உறையில போட்டு அனுப்பிட்டாங்க. என்கிட்ட வந்ததும் வெளியில இருந்து ஒரு ஆள் வேணும்னு மூணு தடவை மேல எழுதினேன். "சம்பந்தப்பட்ட அமைப்பே இத்துறையில் வல்லுநர்"னு மூணு தடவையும் ஒரே பதில்.

அக்கா: அட கடவுளே... வல்லுநரா.

ஆய்வாளர்: சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரல.

அக்கா: உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூட இது படிக்கத் தெரியாதா?

ஆய்வாளர்: தெரிஞ்சவங்கன்னு... ஆபீஸ் பதிவேட்டுல யாரும் இல்ல.

அக்கா: ம்.

ஆய்வாளர்: அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பேர் இல்லாத கடிதத்தை வெச்சு நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது. விதி அப்படி. அதுல நல்லது இருந்தாலும் சரி, கெட்டது இருந்தாலும் சரி. ஒரு ஆள், பேரோட, என் முன்னாடி சொல்லணும். இல்லாட்டி நானும் அந்த அலமாரியைத் தடவிட்டு, "நூல்கள் உள்ளன"ன்னு எழுதிட்டுப் போகணும். அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொருத்தர் வந்து தடவுவார்.

அக்கா: சொன்ன ஆள் அப்புறம் எங்க போவா?

ஆய்வாளர்: ஏன், எங்க போகணும்?

அக்கா: ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் அறை. கட்டில் அவங்களோடது. நாற்காலி அவங்களோடது. ராத்திரி சாப்பாடு அவங்க சமையல்கட்டுல. எனக்குன்னு இருக்கறது பிரெய்ல் எழுதற பலகையும் புள்ளி குத்தற ஊசியும்தான். பிறந்த வீட்டுல தம்பி இருக்கான். போனா வாசல்ல நிக்க வெச்சே சௌக்கியம் விசாரிப்பான்.

ஆய்வாளர்: புரியுது.

அக்கா: அது போகட்டும். இடத்தையே மூடிட்டா? பூட்டுப் போட்டு, அரக்கு வெச்சு... அப்புறம் பிள்ளைங்களுக்கு இருக்கற ஒரே அச்சும் போச்சு. சொன்னவளைப் பத்தொம்பது வருஷ சோறு தின்னுட்டு இடத்தைக் கெடுத்தவள்னு சொல்லுவாங்க.

ஆய்வாளர்: பூட்டுப் போடறதுதான் எங்க வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அது கடைசி. அதுக்கு முன்னாடி நிர்வாகக் குழுவை மாத்தலாம். எங்க ஆள் ஒருத்தரை நிர்வாகியா உக்கார வெச்சு, பத்திரத்துல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய்ய வெக்கலாம். இடம் இருக்கும், அச்சு இருக்கும். நடத்தறவங்கதான் மாறுவாங்க.

அக்கா: உறுதியாச் சொல்ல முடியுமா?

ஆய்வாளர்: முடியாது. நான் எழுதித்தான் அனுப்ப முடியும். முடிவு மேல இருக்கறவங்களோடது. பொய் சொல்லி உங்களை இழுக்க எனக்கு இஷ்டமில்ல.

அக்கா: ...நேர்மையாத்தான் பேசறீங்க. அதான் கஷ்டமா இருக்கு.

ஆய்வாளர்: என்ன கஷ்டம்?

அக்கா: ஒரு டீச்சரம்மா வாரா வாரம் போன் பண்ணுவாங்க. அவங்க பள்ளிக்கூடத்துல பத்தாம் வகுப்புல ஆறு பிள்ளைங்க. "புத்தகம் எப்ப வரும்க்கா?" நான் "அடுத்த மாசம்"னு சொல்லுவேன். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய அறிவியல் புத்தகம். நாலு வருஷமாத் தடவித் தடவிப் புள்ளியெல்லாம் அமுங்கிப் போச்சாம். ஒரு பெண் பிள்ளை போன வாரம் போனை வாங்கி என்கிட்ட கேட்டுது, "அக்கா, பதினோராம் பாடம் வழுக்குது, உங்களுக்கு ஞாபகம் இருந்தா சொல்றீங்களா?"ன்னு.

ஆய்வாளர்: சொன்னீங்களா?

அக்கா: சொன்னேன். முழுப் பாடமும். போன்லயே. பத்தொம்பது வருஷம் பிழை பார்த்தவளுக்குப் பாடமெல்லாம் தலைக்குள்ளதான் இருக்கு... அதுதான் இங்க எல்லாருக்கும் வசதியாப் போச்சு.

ஆய்வாளர்: என்ன வசதி?

அக்கா: ...வர்றார் மேடம். செருப்பைத் தேய்ச்சுக்கிட்டே வர்றார்னா நகல் நல்லா வரலன்னு அர்த்தம்.

ஆய்வாளர்: அக்கா, என்ன வசதின்னு கேட்டேன்.

அக்கா: கடிதத்தைப் பையில வைங்க. வெளிய இருக்கு.

மேலாளர்: மன்னிக்கணும் மேடம். மெஷின் ரெண்டு காகிதத்தை மென்னுடுச்சு. இந்தாங்க, அறிக்கை நாலும். முப்பத்தி நாலாம் பக்கத்துல நூல் பட்டியல் இருக்கு.

ஆய்வாளர்: எழுத்து ரொம்பப் பொடி. நீங்களே படிங்க.

மேலாளர்: "எட்டாம் வகுப்பு வரலாறு, ஒன்பதாம் வகுப்பு அறிவியல், ஏழாம் வகுப்பு மொழிப்பாடம்..." இப்படிப் போகுது. மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு.

ஆய்வாளர்: அச்சிட்டது இதெல்லாம். சரி. அலமாரியில இருந்து நீங்களே ஒரு புத்தகம் எடுங்க. உங்களுக்குப் பிடிச்சது.

மேலாளர்: எட்டாம் வகுப்பு வரலாறு. நம்ம பெருமைக்குரிய வெளியீடு.

ஆய்வாளர்: அக்கா கையில குடுங்க. ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கட்டும்.

மேலாளர்: ஆஹா, தாராளமா. பழைய சாரும் இதையேதான் கேட்டார். அக்கா, அந்த ராஜா அணை கட்டின பாடம். அழகாப் படிப்பாங்க மேடம், கேட்டுக்கிட்டே இருக்கலாம்.

அக்கா: இதையா சார்?

மேலாளர்: அதேதான். போன தடவை மாதிரியே.

அக்கா: "அரியணை ஏறிய மூன்றாம் ஆண்டில் அவ்வரசன் ஆற்றின் குறுக்கே கல்லணை ஒன்று எழுப்ப ஆணையிட்டான். அதற்காகப் பல ஊர்களிலிருந்தும்..."

மேலாளர்: கேட்டீங்களா மேடம்? விரல் ஓடறதைப் பாருங்க.

அக்கா: "...பல ஊர்களிலிருந்தும்..."

மேலாளர்: ம், மேல.

அக்கா: இருங்க சார், வரியைத் தேடறேன்.

மேலாளர்: அக்கா? "தச்சர்களும்"னு வரும்.

அக்கா: தெரியும் சார். "தச்சர்களும் கற்சிற்பிகளும் வரவழைக்கப்பட்டனர்." எனக்குத் தெரியும். இந்தக் காகிதத்துக்குத்தான் தெரியல.

மேலாளர்: என்ன சொல்றீங்க?

அக்கா: இதுல என்ன இருக்கோ அதைப் படிக்கறேன். ஓரேழு ஏழு.

மேலாளர்: அக்கா...

அக்கா: ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்ணு. நாலேழு இருபத்தெட்டு.

மேலாளர்: ஏதோ பக்கம் மாறிப் போச்சு மேடம். கட்டும்போது கலந்திருக்கும்.

ஆய்வாளர்: அடுத்த பக்கம் புரட்டுங்க அக்கா.

அக்கா: ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு.

ஆய்வாளர்: அதுக்கு அடுத்தது?

அக்கா: ஓரேழு ஏழு. கடைசி அட்டை வரைக்கும் ஓரேழு ஏழுதான் மேடம். ஒன்பதாம் வகுப்பு அறிவியலைக் குடுங்க, அதுலயும் ஓரேழு ஏழு. அலமாரியில இருக்கற முந்நூத்திப் பன்னெண்டுலயும் அதுதான். தகட்டுல புள்ளி குத்தற மெஷின் நின்னு நாலு வருஷம் ஆச்சு. பழைய தகடெல்லாம் பின்னறையைக் காலி பண்ணும்போது பழைய இரும்போட போச்சு. அச்சு மெஷின்ல மாட்டியிருந்த ஒரு தகடு மட்டும் மிஞ்சிச்சு. மூணாம் வகுப்புக் கணக்குல ஒரு பக்கம், ஏழாம் வாய்ப்பாடு. அதையே அடிச்சு அடிச்சு, அட்டை போட்டு, மேல வரலாறுன்னும் அறிவியல்னும் ஒட்டி அடுக்கி வெச்சிருக்கோம்.

மேலாளர்: பொய். அத்தனையும் பொய் மேடம். இவங்களுக்கு என்மேல ஒரு மனத்தாங்கல். அறைக்கு மின்விசிறி கேட்டாங்க, தரல.

அக்கா: கேட்டது நிஜம். தராததும் நிஜம்.

மேலாளர்: நீ சும்மா இரு. உனக்கு விரல் மரத்துப் போச்சு. வயசானா அப்படித்தான். பழைய சார் வந்தப்போ இதே புத்தகத்தைத்தானே ராகம் போட்டுப் படிச்ச? அப்பப் படிச்சது பொய்யா, இப்பப் படிக்கறது பொய்யா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.

அக்கா: அப்பச் சொன்னது பொய் சார். நீங்க பக்கத்துல நின்னீங்க. எனக்குப் பயம். மனசுல இருந்த பாடத்தைச் சொன்னேன், விரல் பாட்டுக்கு வாய்ப்பாட்டுல ஓடிச்சு. அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல எனக்கு.

மேலாளர்: கேளுங்க மேடம். பொய்க்காரின்னு தானே ஒத்துக்கிட்டா. இவ பேச்சை வெச்சு நீங்க என்ன எழுதுவீங்க? ஏழாம் வாய்ப்பாடு யாருக்குத்தான் தெரியாது? நான்கூடத்தான் சொல்லுவேன், இந்தப் புத்தகத்துல கை வெச்சு. இங்க இருக்கறது என்னன்னு படிச்சுச் சொல்ல இவளை விட்டா வேற ஆள் கிடையாது. உங்க ஆபீஸே எழுத்துல ஒத்துக்கிட்ட விஷயம் அது.

ஆய்வாளர்: வல்லுநர்.

மேலாளர்: ஆமா, வல்லுநர். அந்த வல்லுநர் நன்றிக் கடிதம்னு படிச்சா, நான் முத்திரை வெச்சேன். இன்னைக்கு வாய்ப்பாடுன்னு படிக்கிறா. எதை நம்பறது? வேற ஒருத்தரைக் கொண்டுவந்து காட்டுங்க மேடம், நான் ஒத்துக்கறேன்.

ஆய்வாளர்: அந்தக் கீழ் தட்டு மொழிப்பாடத்தை எடுத்துக் குடுங்க.

மேலாளர்: எதுக்கு?

ஆய்வாளர்: தடவிப் பார்க்கச் சொன்னீங்களே. அப்புறம் தடவறேன்னு சொன்னேன். இப்பத் தடவறேன்.

மேலாளர்: ...இந்தாங்க.

ஆய்வாளர்: எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். பேசாதீங்க. ஓரேழு... ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு... இருபத்தொண்ணு. நாலேழு இருபத்தெட்டு. ஐயேழு முப்பத்தஞ்சு. ஆறேழு... நாப்பத்திரெண்டு. ஏழேழு நாப்பத்தொம்போது. எட்டேழு... எட்டேழு அம்பத்திரெண்டு.

மேலாளர்: எட்டேழு அம்பத்தாறு மேடம். நீங்களும் மனப்பாடம்தான் சொல்றீங்க, அதையும் தப்பாச் சொல்றீங்க.

ஆய்வாளர்: மனப்பாடமாச் சொன்னா அம்பத்தாறுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆறுக்கு மூணு புள்ளி. அதுல மேல வலப்பக்கம் இருக்கற புள்ளி இங்க எழும்பவே இல்ல, தகட்டுல மழுங்கிப் போயிருக்கு. மிச்சம் ரெண்டு புள்ளி நின்னா அது ரெண்டு. வரலாற்றுப் புத்தகத்தையும் இப்படித் தள்ளுங்க. எட்டாவது வரி... அம்பத்திரெண்டு. எந்தப் புத்தகத்தை வேணும்னாலும் எடுத்துக் குடுங்க, வரிசையாப் படிக்கறேன். பொழுது சாயற வரைக்கும் நான் இருக்கேன்.

அக்கா: மேடம்... நீங்க விரலால படிக்கிறீங்க.

ஆய்வாளர்: மெதுவாத்தான்க்கா. கத்துக்க ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம்தான் ஆகுது.

அக்கா: அப்ப அந்தச் செருப்பு...

ஆய்வாளர்: ரெண்டு வருஷப் பழசு.

அக்கா: படியிலயே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

மேலாளர்: மேடம்... உங்களுக்குக் கண்ணு தெரியாதா?

ஆய்வாளர்: நேர இருக்கறது தெரியும். பக்கத்துல இருக்கறது தெரியாது. வருஷத்துக்கு வருஷம் வட்டம் சுருங்கிட்டே வருது. உங்க ஸ்டூல் அதுக்கு வெளிய இருந்துச்சு.

மேலாளர்: இது உங்க ஆபீஸுக்குத் தெரியுமா?

ஆய்வாளர்: தெரியாது. தெரிஞ்சா வெளி வேலைக்கு அனுப்ப மாட்டாங்க, மூலையில ஒரு மேஜை போட்டு உக்கார வெச்சுடுவாங்க. அதுக்குத்தான் இத்தனை நாளா மறைச்சேன். இன்னைக்கு இந்தப் புத்தகத்துல என்ன இருக்குன்னு எழுதினா, எப்படிப் படிச்சேன்னும் எழுதணும். எழுதிடுவேன்.

மேலாளர்: உங்க வேலையையே ஏன் மேடம் கெடுத்துக்கறீங்க... நான் தின்னு கொழுக்கலைங்க. மெஷின் நின்ன அன்னைக்கே சொல்லியிருந்தா பதிவு போயிடும்னு தலைவர் பயந்தார். இந்த ஒரு வருஷம் சமாளிப்போம்னார். நானும் ஒரு வருஷம்தானேன்னு நினைச்சேன். அடுத்த வருஷம், ஏன் போன வருஷம் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயம். அப்புறம் அது பாட்டுக்கு ஓடிச்சு.

ஆய்வாளர்: இதையும் உங்க வாக்குமூலமா எழுதிக்கறேன். நிஜமாத்தான் சொல்றீங்கன்னு தெரியுது. ஆனா ஆறு பிள்ளைங்க ஒரே புத்தகத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் படிக்கிறாங்க.

மேலாளர்: ...அந்த நன்றிக் கடிதம்?

ஆய்வாளர்: கோப்பு கைக்கு வந்த மூணாவது நாளே அதைப் படிச்சு முடிச்சுட்டேன். இருபத்தாறு வரியும். நன்றின்னு ஒரு வார்த்தை அதுல இல்ல. கடைசி வரி என்ன தெரியுமா? "எட்டேழு ஐம்பத்திரண்டு என்று நாலு வருடமாக என் விரல் படிக்கிறது. திருத்த எனக்குத் தகடு இல்லை." பிழை பார்க்கறவங்களைத் தவிர வேற யாருக்கு இது வலிக்கும்?

அக்கா: மூணாவது நாளேவா... தெரிஞ்சுமா வந்து என் கையில குடுத்துப் படிக்கச் சொன்னீங்க?

ஆய்வாளர்: நான் முன்னாடியே சொல்லியிருந்தா, மாட்டிக்கிட்டதால சொன்னீங்கன்னு ஆகியிருக்கும். இப்ப நீங்களாவே சொன்னீங்க. ஆனா அக்கா, கடிதத்துக்கு இன்னும் பேர் இல்ல. பேர் இல்லாத வரைக்கும் கோப்புல அது வெறும் காகிதம்தான்.

அக்கா: பேர்தானே... குடுங்க இப்படி அந்தக் காகிதத்தை. சார், மேஜையில என் பலகையும் ஊசியும் இருக்கும், எடுத்து வைங்க. எழுதினதும் நான்தான் மேடம். அது ஊரெல்லாம் சுத்தி என் கைக்கே வந்தப்போ, இவர் பக்கத்துல நிக்க, என் புகாரை நானே நன்றின்னு படிச்சு சாகடிச்சதும் நான்தான். மூணு மாசமா அந்த விரலைக் கடிச்சுத் துப்பிடலாமான்னு இருந்துச்சு... கீழ ஒரு வரி இடம் விட்டுத்தான் வெச்சிருக்கேன், நகருங்க, பேரைக் குத்தறேன்.